மாடியில் நடக்கும் செஸ்

2018 அக்டோபரில் ஜகார்த்தாவில் ஆசிய பாரா விளையாட்டு நடந்தது. பெண்கள் ரேபிட் செஸ்ஸின் கடைசிச் சுற்றில் இந்தோனேசியாவின் மனுருங் ரோஸ்லிண்டாவுக்கு உள்ளூர் ஆதரவு. அவரை வென்று தங்கம் வாங்கியவர் நம் திருச்சிக்காரர், ஜெனிதா ஆன்டோ. உடல் இயக்கக் குறைபாடு உள்ளவர்களுக்கான உலக செஸ் போட்டியில் ஆறு முறை மகளிர் சாம்பியன் ஆனவர், ‘உமன் இன்டர்நேஷனல் மாஸ்டர்’ பட்டமும் பெற்றவர். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் நின்று நாலு பேரிடம் இந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள். ஆனந்தையும் குகேஷையும் சொல்வார்கள், இவரைச் சொல்வார்களா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

தமிழ்நாட்டு செஸ் என்றாலே சென்னை என்று பேசிப் பழகிவிட்டோம். காரணம் இல்லாமலும் இல்லை. 1961-ல் இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் ஆன மானுவல் ஆரோன், சோவியத் கலாசார மையத்தில் 1972-ல் தொடங்கிய டால் செஸ் கிளப், அங்கே விளையாடிப் பழகி 1988-ல் கிராண்ட்மாஸ்டரான ஆனந்த் என்று வரிசை நீளம். ஆனால் திருச்சி ஜங்ஷனில் கிழக்கே போகும் ரயிலில் ஏறிப் பாருங்கள். ஒரு மணி நேரத்தில் தஞ்சாவூர். 2023-ல் கத்தாரில் கறுப்புக் காய்களோடு ஆடி, உலக சாம்பியனாக இருந்த கார்ல்சனையே வீழ்த்திய கார்த்திகேயன் முரளி பிறந்த ஊர். அதே பாதையில் இன்னும் போனால் மயிலாடுதுறை, ஆனந்த் பிறந்த ஊர். திருவாரூர்ப் பக்கம் திரும்பினால் நீடாமங்கலத்துக்கு அருகே திருப்பூவனூரில் சதுரங்க வல்லபநாதர் கோயில் கொண்டிருக்கிறார். யாராலும் தோற்கடிக்க முடியாத ராஜகுமாரியைச் சதுரங்கத்தில் ஜெயித்துக் கைப்பிடித்த சிவன் என்பது தலபுராணம். ஆட்டத்தில் ஜெயித்துப் பெண் எடுத்த சாமி வேறெங்காவது உண்டா, தெரிந்தவர்கள் எழுதலாம்.

ஜெனிதா கதைக்குத் திரும்பலாம். அவருக்குச் சிறு வயதிலேயே போலியோ. செஸ் சொல்லிக் கொடுத்தவர் அப்பா. பயிற்சியாளரும் அவரே, வெளியூர்ப் போட்டிகளுக்குத் துணையும் அவரே.

உட்கார்ந்த இடத்தில் ஆடுவதுதானே, இதற்கென்ன துணை என்று நினைக்கத் தோன்றும். போட்டி நடக்கும் ஹாலுக்குள் ஒருநாள் போய் நின்றால் தெரியும். சுவிஸ் முறையில் ஜெயித்தவர் ஜெயித்தவரோடும் தோற்றவர் தோற்றவரோடும் மோத வேண்டும். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் யாரோடு யார் மோத வேண்டும் என்ற பேரிங் பட்டியலைச் சுவரில் ஒட்டுவார்கள். பிள்ளைகளும் பெற்றோரும் மொய்த்துக்கொண்டு போர்டு எண்ணைத் தேடுவார்கள். காலையில் மூன்றாம் போர்டில் இருந்தவர் சாப்பாட்டுக்குப் பிறகு நாற்பதாம் போர்டுக்குப் போக வேண்டியிருக்கும். நெருக்கிப் போட்ட நாற்காலிகளுக்கு நடுவே சக்கர நாற்காலி எப்படிப் போகும்? இதற்குச் சுலபமான வழி உண்டு: சக்கர நாற்காலியில் வருபவருக்கு ஒரே மேஜையை ஒதுக்கிவிட்டு, எதிராளியை அங்கே வரச் சொல்வது.

உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடேவின் ஆட்ட விதிகள் இதில் தாராளம். கையால் காயை நகர்த்த முடியாதவருக்கு, நடுவர் ஏற்றுக்கொள்ளும் உதவியாளர் நகர்த்தலாம். க்ளாக்கை அழுத்தவும் நகர்வுகளை எழுதவும்கூட ஆள் வைத்துக்கொள்ளலாம். பார்வையற்றோருக்குத் தடவிப் பார்க்கும் தனி போர்டு உண்டு. அதில் கறுப்புக் கட்டங்கள் சற்று மேடாக இருக்கும், காய்களைத் துளையில் செருகி வைப்பார்கள். பார்வையற்றோருக்கான ஒலிம்பியாட் 1961-லேயே ஜெர்மனியில் தொடங்கிவிட்டது. எல்லா வகை மாற்றுத்திறனாளிகளுக்குமாக ஃபிடே ஓர் ஒலிம்பியாட் நடத்த 2023 வரை ஆனது. அது பெல்கிரேடில் நடந்தது.

உள்ளூருக்கு வருவோம். ஸ்ரீரங்கத்திலோ தில்லை நகரிலோ ஞாயிற்றுக்கிழமைப் போட்டி என்றால் பள்ளிக்கூடம் பார்ப்பார்கள், கிடைக்காவிட்டால் முகூர்த்தம் இல்லாத நாளாகப் பார்த்துக் கல்யாண மண்டபம். பல மண்டபங்களில் கீழே சாப்பாட்டுக் கூடம், ஹால் மாடியில், லிஃப்ட் கிடையாது. காயை நகர்த்த ஆள் வைக்கச் சொன்ன விதிப் புத்தகத்தை மாடிப்படி படித்திருக்கவில்லை. ஒரு போர்டை மட்டும் கீழே போடலாமே என்றால், இரண்டு தளத்தை ஒரு நடுவர் எப்படிப் பார்ப்பார் என்பார்கள். நியாயம்தான். அப்படியானால் செஸ்ஸைக் கீழே சாப்பாட்டுக் கூடத்திலேயே நடத்திவிடலாம். அங்கேயும் நீள மேஜைகள்தானே கிடக்கின்றன. எலுமிச்சை சாதப் பொட்டலங்களை மாடிக்குத் தூக்கிப் போக ஆள் கிடைக்காமலா போய்விடும்?