உங்களுக்குத் தெரியுமா? அமெரிக்க அதிபருக்குக் கடிதம் எழுதிய மயிலாப்பூர் நீதிபதி

மதுரையில் 1842-இல் பிறந்து அங்கேயே வழக்கறிஞராகப் புகழ்பெற்ற எஸ். சுப்பிரமணிய ஐயர், 1884-இல் சென்னை மாகாணச் சட்டசபை உறுப்பினரானார். அந்நாளில் அச்சபைக்குத் தேர்தல் கிடையாது, கவர்னரே உறுப்பினர்களை நியமித்தார். பின்னர்ச் சென்னைக்குக் குடிபெயர்ந்த அவர், நீதிமன்றத்தில் அரசின் சார்பில் வாதாடும் அரசு வழக்கறிஞராகி, 1895-இல் உயர் நீதிமன்ற நீதிபதியாக உயர்ந்து, தற்காலிகத் தலைமை நீதிபதியாகவும் பணியாற்றினார்.

ஆயினும் அவர் வாழ்வின் துணிச்சல் மிக்க செயல், 1907-இல் ஓய்வு பெற்றுப் பத்தாண்டுகள் கழிந்தபின், எழுபத்தைந்தை நெருங்கிய வயதில் நிகழ்ந்தது. தன்னாட்சி கோரிய ஹோம் ரூல் இயக்கத்தை அடையாற்றிலிருந்து நடத்திய அன்னி பெசன்ட்டை 1917 ஜூனில் அரசு உதகையில் காவலில் வைத்தபோது, அவ்வியக்கத்தின் கௌரவத் தலைவராக மயிலாப்பூரில் வாழ்ந்த ஐயர், இந்தியாவுக்குத் தன்னாட்சி கிடைக்க உதவுமாறு அமெரிக்க அதிபர் உட்ரோ வில்சனுக்கு நேரடியாகவே எழுதினார்; போர்க்காலத் தபால் தணிக்கையில் சிக்காதிருக்க, பிரம்மஞான சபையைச் சேர்ந்த ஹாட்ச்னர் என்னும் தம்பதியர் அக்கடிதத்தைக் கையோடு அமெரிக்காவுக்குக் கொண்டுசென்றனர். செய்தி வெளியாகி, இந்தியாவுக்கான பிரிட்டிஷ் அமைச்சர் மான்டேகு 1918-இல் அதைக் கடுமையாகக் கண்டித்ததும், ஐயர் தம் ‘சர்’, ‘திவான் பகதூர்’ பட்டங்களைத் துறந்தார்; தாகூர் ‘சர்’ பட்டத்தைத் துறக்க முன்வந்தது அதற்கு அடுத்த ஆண்டில்தான்.