கொழுவும் இடம்

யட்டவத்தப் பிரதேசத்தில் சமதரை என்றால் அது வயல்தான். மாத்தளை மாவட்டத்தின் மேற்கே, மேடும் பள்ளத்தாக்கும் மாறிமாறி வரும் நிலம் அது. வயல் கீழே இருக்கும், வீடு மேலே இருக்கும், மிளகும் கொக்கோவும் தென்னையும் இடைப்பட்ட சரிவில் நிற்கும். அங்கே விளையும் எதுவும் ஏற்றமும் இறக்கமும் காணாமல் சந்தைக்குப் போக முடியாது. அப்படிப் போகும் சுமைகளில் கணிசமானவை லேண்ட் மாஸ்டர் என்று எல்லோரும் அழைக்கும் இரு சக்கர உழவு இயந்திரத்தின் பின்னால், இரண்டு சக்கரப் பெட்டியில் போகின்றன. நெல் மூட்டை, மணல், செங்கல், விறகு, சில நாட்களில் கல்யாண வீட்டுப் பந்தல் சாமான் என்று அந்தப் பெட்டி சுமக்காதது குறைவு. இயந்திரத்துக்கு எத்தனை குதிரைவலு, பெட்டி எத்தனை மூட்டை தாங்கும் என்று கேட்டுத்தான் வாங்குகிறோம். இரண்டையும் சேர்க்கும் இரும்பு முளை எந்த இடத்தில் இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. பாதுகாப்பின் பெரும்பகுதி அந்த இடத்தில்தான் இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். அதற்கான சான்று, சற்றும் எதிர்பாராத ஓரிடத்தில் கிடைக்கிறது: வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் விடுமுறைக்கு வீட்டையே இழுத்துச் செல்பவர்களின் கேரவன்களில்.

கேரவனும் மாட்டு வண்டியும் இயற்பியலில் ஒரே குடும்பம். இரண்டிலும் சுமை அச்சின்மேல் தராசுபோல நிற்கிறது. முன்னே ஒரு புள்ளியில்தான் இழுவை. வண்டிக்காரர்கள் இதற்கு வைத்திருந்த சொற்களை விடத் தெளிவான சொற்கள் எந்தப் பொறியியல் நூலிலும் இல்லை: முன்பாரம், பின்பாரம். முன்பாரம் மிஞ்சினால் நுகம் மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் மிஞ்சினால் நுகம் மேலெழும்பி மாட்டின் தொண்டையை இறுக்கும். மூட்டையை ஒரு முழம் முன்னே தள்ளு, பின்னே தள்ளு என்று சரிபார்த்த பிறகே வண்டி புறப்படும். கேரவன்காரர்கள் இதையே கிலோவில் அளக்கிறார்கள். இணைப்புப் புள்ளியின்மேல் கேரவன் எடையில் 5 முதல் 7 விழுக்காடு அமர வேண்டும் என்பது பிரிட்டனில் வழங்கும் பரிந்துரை. கனமான கேரவன்கள் ஓடும் அமெரிக்காவில் 10 முதல் 15 விழுக்காடு என்பார்கள். ஆக, சற்று முன்பாரம் வேண்டும் என்பதில் இரு கண்டங்களும் நம் வண்டிக்காரரும் ஒத்துப்போகிறார்கள்.

ஏன் முன்பாரம்? இழுக்கப்படும் வண்டி, இணைப்புப் புள்ளியில் தொங்கும் ஊசல்போல இடமும் வலமும் ஆடக்கூடியது. காற்றோ குழியோ ஒரு தட்டுத் தட்டினால் அதன் வால் ஒரு பக்கம் விலகும். டயர்கள் தரையைப் பற்றி அதைத் திரும்பக் கொண்டுவரும், அது மறுபக்கம் கொஞ்சம் தாண்டும், பிறகு அடங்கும். அடங்குவதற்குக் காரணம் டயர் தரும் தணிப்பு. அந்தத் தணிப்பு வேகம் கூடக் கூடக் குறைகிறது என்பதுதான் இதில் கொடிய செய்தி. வேகம் இரண்டு மடங்கானால் தணிப்பு ஏறத்தாழ பாதியாகும். ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினால் ஆட்டம் அடங்குவதற்குப் பதில் வளரும். சுமையின் கனமையம் அச்சுக்குப் பின்னால் போகப் போக அந்த ஆபத்து வேகம் கீழே இறங்கி வரும். சுமை எவ்வளவு பரந்து கிடக்கிறது என்பதும் சேர்கிறது. அச்சிலிருந்து 1 மீட்டரில் வைத்த 50 கிலோப் பெட்டியை 3 மீட்டர் தள்ளிக் கடைசியில் வைத்தால், ஆட ஆரம்பித்த வண்டியை நிறுத்த அது காட்டும் எதிர்ப்பு ஒன்பது மடங்காகும். தூரத்தின் வர்க்கம் கணக்கில் வருவதால் இப்படி. கனமானதை அச்சின்மேல் வை, இலேசானதை ஓரத்தில் வை என்பதற்கு இதுவே காரணம்.

ஏற்றியதைச் சரியாக ஏற்றியாயிற்று என்று கொள்வோம். இனி முளையின் இடம். சாதாரணக் காரிலோ பிக்கப்பிலோ கொழுக்கி பின் பம்பருக்கு அடியில், பின் அச்சைவிட ஒன்றரை மீட்டர் வரை பின்னால் இருக்கும். முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடையே 3 மீட்டர் என்று வையுங்கள். 3,000 கிலோ கேரவனின் பத்து விழுக்காடு, அதாவது 300 கிலோ, அந்தக் கொழுக்கியில் அமர்கிறது. பின் அச்சு ஏற்கும் கூடுதல் சுமை 300 கிலோ அன்று, 450 கிலோ. மிஞ்சிய 150 கிலோ முன் சக்கரங்களிலிருந்து கழிகிறது. பாரை போட்டுக் கல்லை நெம்புவது போலத்தான். பின்னச்சு நெம்புகோலின் தாங்கி ஆகிவிடுகிறது. திருப்புவதும் பிரேக்கின் பெரும்பங்கைச் செய்வதும் முன் சக்கரங்கள், அவையே இலேசாகிவிடுகின்றன. பக்கவாட்டிலும் இதே கணக்குத்தான். ஆடும் கேரவன் கொழுக்கியை 100 கிலோ விசையுடன் இடப்பக்கம் தள்ளினால், பின் டயர்கள் 150 கிலோவுக்கும் முன் டயர்கள் எதிர்த்திசையில் 50 கிலோவுக்கும் ஈடுகொடுக்க வேண்டியிருக்கிறது. நாய் வாலை ஆட்டுவது இயல்பு. இங்கே வால் நாயை ஆட்டுகிறது.

இந்தக் கணக்கில் ஒன்றரை மீட்டர் என்ற எண்ணைப் பூச்சியமாக்கினால் என்ன ஆகும்? 300 கிலோ 300 கிலோவாகவே பின்னச்சில் நிற்கும், முன் சக்கரம் எதையும் இழக்காது, பக்கவாட்டுத் தள்ளலுக்குக் காரைத் திருப்பும் நெம்புகோலே இராது. வழக்கத்துக்கு மாறான கொழுக்கிகளின் வரலாறு முழுவதும் அந்த எண்ணைப் பூச்சியமாக்கும் முயற்சிதான். 1914இல் டெட்ராய்ட் நகரின் கொல்லரும் வண்டி செய்பவருமான ஓகஸ்ட் ஃபுரூஹாஃப் என்பவரிடம் ஒரு மர வணிகர் தம் படகை ஃபோர்ட் மொடல் டி காரின் பின்னால் இழுக்க ஒரு வண்டி கேட்டார். செய்து கொடுத்த வண்டியின் முன்பாரத்தைக் காரே தாங்கியது. இன்றைய கொள்கலன் லொறிகளின் ‘செமி ட்ரெய்லர்’ அந்த வழியில் வந்தது. விமான முன்னோடி கிளென் கர்ட்டிஸ் 1920களின் இறுதியில் ஏரோகார் என்ற கேரவனைச் செய்தபோது, இணைப்பைக் காரின் பின்பகுதிக்குள்ளேயே, பின்னச்சுக்கு மேலே கொண்டுவந்தார். அந்த இணைப்பாக அவர் பயன்படுத்தியது படுக்க வைத்த ஒரு விமான டயர்! நடுவில் முளை, சுற்றிலும் காற்றடைத்த ரப்பர். குலுக்கலை அதுவே விழுங்கியது. பறக்கும் பொருளின் சமநிலையோடு வாழ்நாள் முழுதும் மல்லுக்கட்டியவருக்குச் சுமை எங்கே தொங்க வேண்டும் என்பது தெரிந்திருந்ததில் வியப்பில்லை. இன்று பெரிய கேரவன்கள் பிக்கப்பின் தட்டுக்கு நடுவில் கொழுவும் ‘ஃபிஃப்த் வீல்’ முறை அதே சிந்தனையின் வாரிசு.

பிக்கப்பின் தட்டு இல்லாதவர்களுக்கு இரண்டு வழிகள் பிறந்தன. ஒன்று முரட்டு வழி: காரின் அடியில் நீண்ட இரும்புக் கரம் ஒன்றை ஓட்டி, பின்னச்சை ஒட்டிய முளையில் அது சுழலுமாறு செய்வது. மற்றது மிக அழகானது. ஜிம் ஹென்ஸ்லி என்ற அமெரிக்கர் வடிவமைத்தது. கொழுக்கிக்கும் கேரவனுக்கும் நடுவே ஒரே முளைக்குப் பதில், இரண்டு கரங்கள் கொண்ட ஒரு நாற்சட்டப் பொறி. இரண்டு கரங்களும் இணையாக இல்லாமல் முன்னோக்கிக் கூம்பி நிற்கும். அந்த இரு கோடுகளையும் மனத்தால் காரின் அடிக்கு நீட்டிப் பாருங்கள். பின்னச்சின் பக்கத்தில் ஓரிடத்தில் அவை சந்திக்கும். அங்கே இரும்பு எதுவும் கிடையாது, ஆனால் அந்த வெற்றிடத்தில் முளை இருப்பது போலவே கேரவன் நடந்துகொள்ளும். கார் திரும்பினால் பொறி வழிவிடும். கேரவன் தானாகப் பக்கவாட்டில் தள்ளினால் கரங்கள் இறுகி நின்றுவிடும். கையால் தொட முடியாத ஒரு புள்ளியை வடிவியலால் நகர்த்தி வைத்த இந்த வேலையை, இழுவைக் கலையின் உச்சம் என்றே நான் கருதுகிறேன்.

டோலி என்பது வேறு வழி. கேரவனின் முன்பாரத்தைக் காரின்மேல் ஏற்றாமல், நடுவே இரண்டு சக்கரமுள்ள ஒரு சிறு வண்டியின்மேல் ஏற்றுவது. காரின் பின்பக்கம் தாழாது, முன் சக்கரம் இலேசாகாது. ஆனால் டோலியை ஒற்றை முளையில் கொழுவினால் தொடரில் சுழலும் புள்ளிகள் இரண்டாகின்றன. முன்னால் ஏற்படும் சிறு அசைவு ஒவ்வொரு புள்ளியிலும் பெருகிக்கொண்டே கடைசி வண்டியை அடையும். பின்னோக்கி ஓட்டுவதும் கைவந்தவருக்கே முடியும். இதனால் நல்ல டோலிகள் இரண்டு இடங்களில், காருடன் ஒரே உடலாகும்படி கொழுவப்படுகின்றன. அவற்றின் சக்கரங்கள் மட்டும் வளைவில் தாமாகத் திரும்பிக்கொள்ளும். வட அமெரிக்காவின் நீண்ட லொறித் தொடர்களுக்கும் இதே முறையில் அமைந்த டோலிகள் உண்டு. பாரத்தை மட்டும் பார்த்து சுழலும் புள்ளிகளை எண்ணாமல் விட்டால் டோலி உதவி செய்யாது, கெடுக்கும்.

இவ்வளவு சிக்கல் தேவையா, கொழுக்கியில் ஓர் உராய்வுத் தகட்டைப் போட்டு இறுக்கினால் ஆட்டம் நிற்காதா என்று கேட்கலாம். குறையும், உண்மை, ஐரோப்பாவில் ஏராளமான கேரவன்கள் அப்படித்தான் ஓடுகின்றன. ஆனால் உராய்வு ஆட்டத்தின் வலுவைத் தின்கிறதே தவிர, ஒன்றரை மீட்டர் நெம்புகோலைத் தொடுவதில்லை. இழுக்கும் வாகனம் பெரிதாக இருந்தால் போதாதா என்பது மற்றொரு கேள்வி. பெரிய வாகனம் உதவும்தான், அதன் எடைக்காக. குதிரைவலுவுக்கும் ஆட்டம் அடங்குவதற்கும் தொடர்பில்லை.

இப்போது யட்டவத்தச் சரிவுக்குத் திரும்புவோம். லேண்ட் மாஸ்டர் நம் நாட்டுப் பொறியியலாளர் ரே விஜேவர்த்தனவின் வடிவமைப்பு. 1950களில் உருவாகி, பிரிட்டனின் நொட்டிங்ஹாமில் தயாரிக்கப்பட்டது. பிற்பாடு ஜப்பானிய இயந்திரங்கள் வந்து சந்தையை நிறைத்த பிறகும் அந்தப் பெயரே மக்களிடம் நிலைத்துவிட்டது. அது பிறந்தது சேற்று வயலுக்காக, எருமைகள் செய்த வேலையைச் செய்வதற்காக. பெட்டியைக் கொழுவித் தெருவில் இறக்கியதும் அது வேறு விலங்காகிவிடுகிறது. இரண்டே சக்கரம் உள்ள இயந்திரம் தனியாக நிற்காது. பெட்டியின் தயவில்தான் நிற்கிறது. ஓட்டுநரும் பெட்டியின் முகப்பில் உட்கார்ந்து நீண்ட கைப்பிடியால் அதைத் திருப்புகிறார். கூர்ந்து பார்த்தால், லேண்ட் மாஸ்டர் என்பது இயந்திரம் பொருத்திய ஒரு டோலி. அதுவும் ஒற்றை முளையில் கொழுவிய டோலி.

மலைத்தெருவில் மெதுவாகத்தானே போகிறது, கேரவன் போல ஆடுவதற்கு வேகம் ஏது என்பார்கள். ஆடாது, ஒப்புக்கொள்கிறேன். அங்கே ஆபத்து மடிதல். பெட்டியில் ஓட்டுநரும் சுமையுமாக மொத்தம் 1,000 கிலோ. இறக்கம் பத்துக்கு ஒன்று. புவியீர்ப்பு அதை 100 கிலோ விசையுடன் கீழே தள்ளும். சக்கர உருளல் முப்பதைத் தின்றாலும் 70 கிலோ முளையில் வந்து முட்டும். எல்லாம் நேர்கோட்டில் இருக்கும்வரை பரவாயில்லை. வளைவில் இயந்திரம் 15 பாகை திரும்பினால் அந்த எழுபதில் 18 கிலோ பக்கவாட்டுத் தள்ளலாக மாறும். 30 பாகை திரும்பினால் 35 கிலோ. திரும்பத் திரும்பத் தள்ளல் கூடுகிறது, தள்ளல் கூடக் கூட இன்னும் திரும்புகிறது. டயர் பிடிமானம் தோற்கும் இடத்தில் இயந்திரம் பெட்டியின்மேல் மடியும். சுமை பின்பாரமாக இருந்தால் முளை மேலே இழுபட்டு, சக்கரம் தரையில் அழுத்தமின்றிச் சறுக்கும். மழை நாளில் சொல்லவே வேண்டாம்.

இதைவிட வஞ்சகமான ஒன்று கைப்பிடியின் கிளட்ச் நெம்புகளில் இருக்கிறது. சமதரையில் இடது நெம்பை அழுத்தினால் இடச் சக்கரம் இயந்திரத்திலிருந்து விடுபடும், வலச் சக்கரம் மட்டும் தள்ளும், வண்டி இடப்பக்கம் திரும்பும். இறக்கத்தில் இயந்திரம் தள்ளவில்லை, பிடித்துக்கொண்டிருக்கிறது. அப்போது இடது நெம்பை அழுத்தினால் விடுபட்ட இடச் சக்கரம் வேகமாக உருளும், வலச் சக்கரம் பிடிபட்டே இருக்கும், வண்டி வலப்பக்கம் திரும்பும். பழகிய கை பழகிய நெம்பை அழுத்த, வண்டி பள்ளத்தை நோக்கிப் போகும். வயலில் ஆயிரம் தடவை உழுத அனுபவம் இந்த ஒரு நொடியில் எதிரியாகிவிடுகிறது. மாட்டு வண்டிக் காலத்தில் இல்லாத ஆபத்து இது. மாடு தன் கழுத்தில் உறுத்துவதை உணர்ந்து தானே காலை ஊன்றி நின்றது. வண்டிக்காரருக்குத் தெரியாத எந்த அறிவியலைப் புதிதாகச் சொல்கிறீர்கள் என்று கேட்போருக்கு என் பதில் இதுவே: இரும்புக்குக் கழுத்து இல்லை.

கேரவன் உலகம் இங்கே இன்னொரு பாடமும் தருகிறது. ஆட ஆரம்பித்த கேரவனை நேராக்க, காரின் பிரேக்கை மிதிக்காமல் கேரவனின் பிரேக்கை மட்டும் பிடிப்பார்கள். பின்னால் இருந்து பிடித்தால் தொடர் இழுபட்டு நேராகும்; முன்னால் பிடித்தால் முட்டி மடியும். இழுத்த கயிறு நேராக நிற்பதும் தள்ளிய கயிறு சுருள்வதும் இதே காரணத்தால்தான். பெட்டியின் கால் பிரேக் ஆடம்பரம் இல்லை. இறக்கத்தில் அதுவே முதல் பிரேக். ஹென்ஸ்லியின் நாற்சட்டப் பொறிக்கு விலையும் எடையும் அதிகம், ஏழை விவசாயி எங்கே போவது என்பவருக்கு, நியாயமான கவலைதான் என்றாலும், அந்தப் பொறியை வாங்கச் சொல்லி இங்கே யாரும் கேட்கவில்லை. கனமான மூட்டையை அச்சுக்குச் சற்று முன்னே அடுக்குவதற்குக் காசு தேவையில்லை. தேய்ந்த முளையை மாற்றுவதற்கும், அது கழன்றாலும் பெட்டி விட்டுப் போகாதபடி ஒரு சங்கிலி போடுவதற்கும் பெரிய செலவு கிடையாது.

யட்டவத்தயிலும் அதுபோன்ற மலைப்பிரதேசங்களிலும் பெட்டி இழுப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். இறக்கம் தொடங்குமுன் நிறுத்தி, சிறிய கியரில் போட்டுக்கொள்ளுங்கள். இடையில் நியூட்ரலுக்குப் போகாதீர்கள். வேகத்தைப் பெட்டியின் பிரேக்கால் பிடியுங்கள். கிளட்ச் நெம்புகளைத் தொடாமல், கைப்பிடியை உடலால் தள்ளியே திருப்புங்கள். அறுவடை முடிந்து முதல் மூட்டை ஏறும் முன், அந்த முளையைக் கழற்றி ஒரு தடவை கையில் எடுத்துப் பாருங்கள்.