கழற்றிப் பூட்டிய சந்தை

சைனாடவுன் காம்ப்ளெக்ஸின் இருநூற்றுக்கும் மேற்பட்ட சாப்பாட்டுக் கடைகளுக்கு நடுவே சென்ற வாரம் விட்ட இடம் நினைவிருக்கும். இந்த வாரம் தேக்கா சந்தை என்று சொல்லியிருந்தேன். போகிற வழியில் லாவ் பா சாட் சந்தையை ஒரு பத்தியில் முடித்துவிடலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். அதன் இரும்புத் தூண்கள் என்னைப் பிடித்து நிறுத்திவிட்டன.

சிங்கப்பூரில் வங்கிக் கோபுரங்கள் நெருக்கியடித்து நிற்கும் ஷென்டன் வே பகுதியில், அந்த உயரங்களுக்கு நடுவே தாழ்வாக அகன்று கிடக்கிறது இந்த எண்கோணக் கட்டடம். சுவர் என்று எதுவும் கிடையாது. எட்டுப் பக்கமும் திறப்பு. உள்ளே எந்த நடைவழியில் நுழைந்தாலும் நடுவில் மணிக்கூண்டுக்கு அடியில் கொண்டுபோய் விடும். அண்ணாந்து பார்த்தால் தூண்களின் தலைப்பில் இலை வேலைப்பாடு, வளைவுகளுக்கு உள்ளே பூவேலைக் கிராதி. எல்லாமே வார்ப்பிரும்பு.

இந்த இரும்பு ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரிலிருந்து கப்பலில் வந்தது. அங்கே வால்டர் மெக்ஃபார்லேன் கம்பெனியின் சாரசன் வார்ப்பாலை இருந்தது. நீரூற்று, பேண்டு மேடை, விளக்குக் கம்பம், மாடிக் கிராதி என்று வார்க்க முடிந்த எல்லாவற்றுக்கும் படமும் எண்ணும் போட்டுப் பட்டியல் புத்தகம் அச்சடித்து விற்ற கம்பெனி அது. உலகத்தின் எந்த மூலையில் இருப்பவரும் வேண்டியதைப் பொறுக்கி எழுதினால் போதும். துண்டு துண்டாகக் கப்பலேறி வந்துவிடும். வந்த ஊரில் ஆள் வைத்துப் பூட்டிக்கொள்ள வேண்டியதுதான். 1894இல் சிங்கப்பூர் நகராட்சிப் பொறியாளர் ஜேம்ஸ் மெக்ரிட்ச்சி கட்டிமுடித்த சந்தை இப்படிப் பூட்டப்பட்டதுதான். அந்த ஊரின் மெக்ரிட்ச்சி நீர்த்தேக்கத்துக்குப் பெயர் கொடுத்தவரும் இவரே.

எண்கோணம் அவருடைய யோசனை அல்ல. 1838இல் ஜார்ஜ் கோல்மன் என்ற ஐரிஷ் கட்டடக் கலைஞர் தெலுக் ஆயர் கடற்கரையில் கட்டிய பழைய சந்தையின் வடிவம் அது. படகிலிருந்து இறக்கிய சரக்கு நேராகக் கடைக்குப் போகும்படி அந்தச் சந்தை அலையோரத்திலேயே நின்றது. 1879இல் கடலைத் தூர்த்து நிலமாக்கும் வேலை தொடங்கியபோது அதை இடித்துவிட்டார்கள். தூர்த்த நிலத்தில் புதிதாகக் கட்ட வந்த மெக்ரிட்ச்சி, கோல்மனின் எண்கோணத்தை அப்படியே வைத்துக்கொண்டார். கடல் போய்விட்டது, வடிவம் மிஞ்சியது.

பழைய கரை எது என்று தெரிய வேண்டுமானால் தெலுக் ஆயர் தெருவுக்கு நடந்து போகலாம், பக்கம்தான். அங்கே நம் கடற்கரையிலிருந்து கப்பலேறிய தமிழ் முஸ்லிம்கள் 1820களின் இறுதியில் கட்டத் தொடங்கிய நாகூர் தர்கா இருக்கிறது. கப்பலை விட்டு இறங்கியவர்கள் நல்லபடியாகக் கரை சேர்த்ததற்கு நன்றி சொல்ல, கடலைப் பார்த்து எழுப்பிய இடம். இன்று அதன் வாசலிலிருந்து கடல் தெரியாது. இந்தத் தெருவுக்குத் தனியாக ஒரு வாரம் தர ஆசை, பார்ப்போம்.

கிளாஸ்கோ இரும்பு என்றதும் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சிங்கப்பூர் ஆற்றின் மேல் நிற்கும் கேவனா பாலமும் அதே நகரிலிருந்து, வேறொரு கம்பெனியிடமிருந்து வந்ததுதான். அங்கே பழைய போலீஸ் அறிவிப்புப் பலகை இன்னமும் இருக்கிறது: மூன்று ஹண்டிரட்வெயிட்டுக்கு, அதாவது சுமார் 150 கிலோவுக்கு மேல் எடையுள்ள வண்டிகளுக்கும், மாடுகளுக்கும் குதிரைகளுக்கும் அனுமதி இல்லை. மாட்டு வண்டியில் சரக்கு போன காலத்தை அந்தப் பலகை அளவுக்கு எனக்குக் கண்ணில் காட்டியது வேறு எதுவும் இல்லை.

இனி இந்த வாரம் என்னைத் தூங்கவிடாத ஆண்டுக்கு வருகிறேன்: 1986.

1968-69இல் சிங்கப்பூர் அரசு தெருவோர வியாபாரிகளைக் கணக்கெடுத்துப் பதிவு செய்தபோது சுமார் 18,000 பேர் இருந்தார்கள். குழாய்த் தண்ணீர் இல்லை, கழிவு போக வழி இல்லை. எச்சில் தண்ணீரும் மிச்சமும் சாக்கடை வழியாக ஆற்றில் கலந்தன. அவர்களைத் துரத்தியடிப்பது சுலபம். அரசு அதைச் செய்யவில்லை. 1971 முதல் ஊர் முழுக்க உணவங்காடி நிலையங்களைக் கட்டி, தண்ணீரும் வடிகாலும் மின்சாரமும் கொடுத்து, உரிமத்தோடு உள்ளே உட்காரவைத்தது. தெலுக் ஆயர் சந்தையிலும், அதாவது இந்த லாவ் பா சாட்டிலும், 1970களின் தொடக்கத்தில் மீனும் காய்கறியும் போய்ச் சாப்பாட்டுக் கடைகள் வந்தன. 1973இல் அது தேசியச் சின்னமாகவும் அறிவிக்கப்பட்டது. தெருக்காரர்களைக் கூரைக்குள் கொண்டுவரும் வேலை முடிந்த ஆண்டு 1986. அதே 1986இல்தான் அந்த ஊரின் மிக அழகிய கூரை கீழே இறங்கியது!

எம்ஆர்டி நகர ரயிலுக்காகச் சந்தைக்கு அடியில் சுரங்கம் தோண்டினார்கள். அதிர்வில் கட்டடம் சேதப்படும் என்ற பயம். நூறு வயதை நெருங்கும் கட்டடத்தை இடித்துத் தள்ள நல்ல சாக்கு அது. நிலத்தின் விலையோ கேட்கவே வேண்டாம். ஆனால் தூண் தூணாக, கிராதி கிராதியாகக் கழற்றி எடுத்துப் பத்திரப்படுத்தினார்கள். சுரங்க வேலை முடிந்ததும் 1989இல் மீண்டும் அதே இடத்தில் பூட்டி நிறுத்தினார்கள். செங்கல்லும் சுண்ணாம்புமாக இருந்தால் இது நடந்திருக்காது. கடல் தாண்டிப் போய்ப் பூட்டுவதற்காக வார்த்த இரும்பு என்பதால்தான் கழற்றவும் முடிந்தது. பட்டியல் புத்தகம் போட்டு விற்ற அந்த வார்ப்பாலை 1960களில் மூடப்பட்டுவிட்டது.

சாப்பாட்டைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் போனால் நீங்கள் விடமாட்டீர்கள். ஷென்டன் வேயில் வேலை பார்க்கும் காரைக்குடித் தம்பி ஒருவர், “இங்க எதுக்குண்ணே? தேக்கா போங்க, காசும் கம்மி, ருசியும் கூட” என்றார். பாதி உண்மை. லாவ் பா சாட்டில் சுற்றுலாக்காரர்களுக்கான விலை இருக்கிறது. கோழிச் சோற்றுக்கு நானும் இங்கே வரமாட்டேன். மதியம் பன்னிரண்டரைக்கு அலுவலகக் கூட்டம் வந்து, மேசை மேல் டிஷ்யூ பாக்கெட்டை வைத்து இடம் பிடித்துவிட்டு வரிசைக்குப் போகும். பாக்கெட் வைத்த மேசையில் இன்னொருவர் உட்காருவதில்லை. எட்டுப் பக்கமும் காற்று வருவதால் அத்தனை அடுப்பு எரிந்தும் கண் எரிவதில்லை. பளபளக்கும் ஏசி ஃபுட் கோர்ட்டுகளில் எனக்குக் கிடைக்காத சுகம் இது.

இரவில்தான் வர வேண்டும். பூன் டாட் தெருவில் போக்குவரத்தை நிறுத்திவிட்டு, தார்ச்சாலையின் மேலேயே மேசை போடுவார்கள். ஓரமாகச் சாத்தே வண்டிகள் வரிசைகட்டும். கரி அடுப்பு நீளமாக, அகலம் குறைவாக. குச்சியில் கோத்த இறைச்சி மட்டும் தணலின் மேல் நிற்க, பிடிக்கும் முனை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். எலுமிச்சைப் புல்லின் அடித்தண்டைத் தட்டி நார்நாராக்கி, அதையே தூரிகையாக எண்ணெயில் தோய்த்து இறைச்சி மேல் தடவுகிறார் கடைக்காரர். எண்ணெய் சொட்டி நெருப்பு எழும்பும்போது ஒரு கை விசிறிக்குப் போகிறது, மறு கை குச்சிகளைக் கொத்தாகப் புரட்டுகிறது. தட்டில் நிலக்கடலைக் குழம்பு, வெள்ளரித் துண்டு, பச்சை வெங்காயம். வெங்காயத்தை ஒதுக்கிவிடாதீர்கள், குழம்பின் இனிப்பை வெட்டுவது அதுதான். எஸ்பிளனேட் அருகே பேர் வாங்கிய சாத்தே கிளப் 1995இல் மூடப்பட்டபின், திறந்த வெளியில் புகைக்கு நடுவே சாத்தே தின்ன ஆசைப்படுகிறவர்களுக்கு இந்தத் தெரு இருக்கிறது. சிங்கப்பூரின் இந்த உணவங்காடிப் பண்பாட்டைத்தான் யுனெஸ்கோ 2020இல் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

தேக்கா அடுத்த வாரம், உறுதியாக. கீழ்த்தளத்து ஈரச்சந்தையில் மீன் வாங்குகிற சீனப் பாட்டிக்கும் முருங்கைக்கீரை வாங்குகிற நம் அக்காவுக்கும் பின்னால் நின்று தொடங்குவோம். மேசைக்கு வரப்போவது ஆட்டெலும்பு சூப். காலையிலேயே பசியோடு வந்துவிடுங்கள்.

(தொடரும்)