பால் இல்லைன்னு யார் சொன்னது?

போன மாதம் என் ஓரகத்திக்குத் தலைப்பிரசவம். சிசேரியன் செய்துதான் ஆண் குழந்தையை எடுத்தார்கள். மறுநாள் காலையில் பிளாஸ்க்கில் காபியோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். குழந்தை வீல் வீலென்று கத்துகிறது. அவள் கண்ணில் பொலபொலவென்று தண்ணீர். பக்கத்தில் அவளுடைய சித்தி, கையில் புது பால்பவுடர் டின்னோடு நிற்கிறார். "பாலே இல்லம்மா இவளுக்கு. புள்ள பட்டினியா கெடக்கு. ஒரு சங்கு கலக்கி ஊத்திருவோம்" என்றார்.

எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. இதே வார்த்தையை 2013-ல் என் காதால் கேட்டவள் நான். அன்றைக்கு வாயைத் திறக்காமல் இருந்தேன். அதனால் என் மூத்த பெண் பட்ட பாட்டை இன்றைக்கும் நினைத்தால் தூக்கம் வராது. என்னைப் போல வேறு யாரும் ஏமாந்துவிடக் கூடாதே என்றுதான் இதை எழுதுகிறேன்.

அப்போது எனக்கு 24 வயது. பத்தாம் வகுப்போடு படிப்பு முடிந்து, கல்யாணமாகி வந்தவள். பெரியவர்கள் என்ன சொல்கிறார்களோ அதுதான் வேதம். குழந்தை பிறந்ததும் முதலில் அதன் நாக்கில் பட்டது என் பால் இல்லை, சீனித்தண்ணி. எங்கள் பக்கம் இதைச் சேனை வைப்பது என்பார்கள். யார் சேனை வைக்கிறார்களோ அவர்கள் குணம் குழந்தைக்கு வருமாம். என் வீட்டுக்காரரின் பெரியப்பாதான் வைத்தார். (அவர் குணம் என் மகளுக்கு வரவில்லை, நல்ல வேளை!) முதலில் சுரந்த மஞ்சள் பாலை, "அது சீழு மாதிரி இருக்கு, பீச்சிக் கீழ விடு" என்றார்கள். நானும் பீச்சிக் கீழே விட்டேன். அதுதான் சீம்பால், குழந்தைக்கு நோய் வராமல் காக்கும் முதல் மருந்தே அதுதான் என்று எனக்குச் சொல்வதற்கு அந்த அறையில் ஒருவரும் இல்லை.

குழந்தையை எப்படிப் பிடிப்பது என்றும் தெரியாது. அது காம்பை மட்டும் கவ்வி இழுக்க, இரண்டாம் நாளே வெடித்து ரத்தம் வந்துவிட்டது. வலி தாங்காமல் நான் குழந்தையை எடுக்கவே பயந்தேன். குழந்தை அழுதது. "பால் இல்லை" என்று தீர்ப்பும் வந்துவிட்டது. பாட்டில் வந்தது. பாட்டிலில் வயிறு நிறைந்த குழந்தை என்னிடம் சரியாகக் குடிக்கவில்லை. குடிக்கக் குடிக்கத்தான் சுரக்கும் என்பார்கள், குடிக்க ஆளில்லாததால் நாற்பது நாளில் எனக்குச் சுத்தமாக வற்றிப் போனது. "ராசியில்லாத மாரு" என்று ஒரு உறவுக்காரம்மா என் காது படவே சொன்னார்.

இதற்கு மேல் எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் எழுதுகிறேன். டின் விலை எங்களுக்குக் கட்டுபடியாகவில்லை. ஐந்து நாளில் தீர வேண்டிய டின்னைப் பத்து நாள் இழுத்தேன். அளவு கரண்டியைத் தலை தட்டாமல் முக்கால் போட்டு, தண்ணீரைக் கூட்டிக் கலக்கினேன். இதை என் வீட்டுக்காரரிடம்கூடச் சொன்னதில்லை. நாலாம் மாதம் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. கண் உள்ளே போய், உச்சிக்குழி அமுங்கிவிட்டது. அந்தப் பிஞ்சுக் கையில் நரம்பு கிடைக்காமல் மூன்று இடத்தில் ஊசி குத்தி குளுக்கோஸ் ஏற்றினார்கள். "பாட்டிலை எப்படிம்மா கழுவுறீங்க? பவுடர் எத்தனை கரண்டி போடுறீங்க?" என்று டாக்டர் கேட்டபோது, நான் தரையைப் பார்த்துக்கொண்டு பொய் சொன்னேன்.

பிழைத்து எழுந்துவிட்டாள். இன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் கோகோ ஆடுகிறாள்.

2019-ல் என் மகன் பிறந்தது அரசு ஆஸ்பத்திரியில். அதுவும் சிசேரியன்தான். "இவளுக்கு முதப் புள்ளைக்கே பால் இல்ல" என்று அத்தை (என் மாமியார்) பாட்டில், டின் எல்லாம் தயாராகக் கூடையில் எடுத்து வந்திருந்தார். வார்டில் இருந்த நர்சம்மா அந்தக் கூடையைப் பார்த்தார். ஒன்றும் திட்டவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். அவ்வளவுதான், ஒரு கால் மணி நேரம் இருக்கும்.

முதுகுக்குத் தலையணை வைத்து நிமிர்ந்து சாய வைத்தார். "நீ குனிஞ்சு புள்ளகிட்ட போகாத, புள்ளைய உன்கிட்ட கொண்டு வா" என்றார். தையல் வலிக்காமல் இருக்க, குழந்தையை வயிற்றின் மேல் போடாமல், குடத்தை இடுக்குவது மாதிரி கக்கத்தின் பக்கமாக வைத்துக்கொள்ளச் சொன்னார். குழந்தையின் தலையும் உடம்பும் ஒரே நேராக என் பக்கம் திரும்பியிருக்க வேண்டும். காம்பால் அவன் மேல் உதட்டை லேசாக உரசியதும், கொட்டாவி விடுவது போல வாயை அகலத் திறந்தான். "இப்ப... இப்ப அணை!" என்றார். காம்பு மட்டும் வாய்க்குள் போனால் புண்ணாகும், பாலும் இறங்காது. சுற்றியுள்ள கறுத்த பாகத்திலும் பெரும்பகுதி உள்ளே போக வேண்டும். தாடை மார்பில் பதிய வேண்டும், கீழ் உதடு வெளிப்பக்கம் மடிந்திருக்க வேண்டும். சரியாகக் கவ்வினால் வலிக்காது. வலித்தால் சுண்டு விரலை வாயோரம் விட்டு மெதுவாக விடுவித்து, மறுபடி வைக்க வேண்டும். மூன்றாவது தடவை சரியாகக் கவ்வினான். மடக் மடக்கென்று அவன் விழுங்கும் சத்தம் எனக்குக் கேட்டது.

"ரெண்டு சொட்டுத்தானே வருது?" என்று கேட்டேன். "முதல் நாள் புள்ளைக்கு ஒரு வேளைக்கு ஒண்ணு, ரெண்டு டீஸ்பூன் இருந்தா போதும்மா. ரெண்டு மூணு நாள்ல பால் தன்னால கட்டும். ஆப்பரேசன் ஆனவங்களுக்கு ஒரு நாள் முன்ன பின்ன ஆகும். நீ வச்சுக்கிட்டே இரு. ராத்திரியில கட்டாயம் குடு, அப்பத்தான் நல்லா ஊறும்" என்றார்.

அப்புறம் அவர் சொன்னதையெல்லாம் கேட்கக் கேட்க எனக்கு ஆச்சரியமாக இருந்தது. குழந்தை பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுக்க வேண்டும், ஆறு மாதம் முடியும் வரை தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும் வேண்டாம், அதன் பிறகு மற்ற உணவோடு சேர்த்து இரண்டு வயதும் அதற்கு மேலும் கொடுக்கலாம் என்பதுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்வது. வேறெதுவும் வேண்டாம் என்றால் கிரைப் வாட்டர், உரை மருந்து, தெருவில் விற்று வரும் கழுதைப்பால், எதுவுமே வேண்டாம். எங்கள் ஊர் சித்திரை வெயிலுக்கு வெறும் தண்ணீர்கூட வேண்டாமா என்று அத்தை கேட்டார். தாய்ப்பாலில் நூற்றுக்கு 88 பங்கு தண்ணீர்தானாம். தாகத்தையும் அதுவே தீர்த்துவிடும். தண்ணீர் குடிக்க வேண்டியது தாய்தான். நாம் என்ன செய்கிறோம்? பிள்ளைக்குச் சளி பிடிக்கும் என்று பச்சை உடம்புக்காரிக்கு ஒரு சொம்பு தண்ணீர் கொடுக்க யோசிக்கிறோம்!

பால் போதுகிறதா என்று குழந்தையின் அழுகையை வைத்துச் சொல்ல முடியாது. குழந்தை குளிருக்கும் அழும், அம்மா வாசனைக்கும் அழும். ஒரு வாரம் ஆன குழந்தை ஒரு நாளைக்கு ஆறு தடவைக்குக் குறையாமல் மூத்திரம் போனால், எடையும் ஏறினால் பால் போதுகிறது என்று அர்த்தம். முதல் சில நாட்களில் கொஞ்சம் எடை குறைவது இயற்கை, இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்கு வந்துவிட வேண்டும். சோர்ந்து போய்க் குடிக்காமல் தூங்கிக்கொண்டே இருந்தாலோ, மூத்திரம் போகாவிட்டாலோ, கண்ணும் உடம்பும் மஞ்சளானாலோ டாக்டரிடம் ஓட வேண்டும். உண்மையிலேயே பால் குறைவான தாய்மார்களும் உண்டு. டாக்டரே பார்த்து பவுடர் கொடுக்கச் சொன்னால் அதில் குற்றம் ஒன்றுமில்லை. சித்தியும் பக்கத்து வீட்டம்மாவும் தீர்ப்பு சொல்வதுதான் தப்பு. பவுடர் டின்னிலேயே தாய்ப்பால்தான் சிறந்தது என்று அச்சடிக்க வேண்டும், குழந்தை படம் போடக் கூடாது என்று 1992-லேயே நம் நாட்டில் சட்டம் வந்துவிட்டது. அந்தச் சின்ன எழுத்தை 2013-ல் நான் படிக்கவே இல்லை.

மூன்றாம் நாள் ராத்திரி எனக்குப் பால் கட்டிக் கல்லு மாதிரி ஆகிவிட்டது. மல்லிகைப்பூவை வைத்துக் கட்டு என்று அடுத்த கட்டில் அம்மா சொன்னார். நர்சம்மா சிரித்துவிட்டு, "அது பால் வத்தறதுக்குக் கட்டுறதும்மா!" என்றார். வெந்நீரில் நனைத்த துணியை ஒற்றி, கையால் கொஞ்சம் பீய்ச்சி, பிறகு குழந்தைக்குக் கொடுக்க வைத்தார். பீய்ச்சியதைப் பாலாடையில் ஊற்றிப் புகட்டினோம். பாட்டிலை விடப் பாலாடையைச் சுத்தமாகக் கழுவுவது எவ்வளவு சுலபம்! நம் பாட்டிமார் விவரமானவர்கள்தான்.

அன்று ராத்திரி வார்டில் எல்லாரும் தூங்கிய பிறகு, அத்தை கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கும் இப்படித்தான் பாலில்லன்னு சொன்னாக. உன் வீட்டுக்காரன ஆட்டுப்பால் குடுத்துத்தான் வளத்தேன். எனக்கு ஒருத்தி வந்து இப்படிச் சொல்லித் தரலியே" என்றார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். மகன் இரண்டே கால் வயது வரை குடித்தான். பாட்டிலைக் கண்ணால் பார்த்ததில்லை.

சரி, ஓரகத்தி கதைக்கு வருகிறேன். முதலில் டாக்டரம்மாவைக் கேட்டேன். குழந்தை நன்றாக இருக்கிறது, மூத்திரம் போயிருக்கிறது, எடையும் பயப்படும்படி இல்லை என்றார். அந்த தைரியத்தில் சித்தியிடம், "ரெண்டு நாள் எனக்கு விடுங்க சித்தி" என்று கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டேன். அவருக்குக் கோபம்தான். உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. அன்று முழுக்க ஒருக்களித்துப் படுக்க வைத்தும், கக்கத்தில் இடுக்கியும் மாற்றி மாற்றி வைத்தோம். "முடியலக்கா, அந்த டின்னப் பிரிச்சிரலாம்" என்று ராத்திரி ஒரு மணிக்கு அவளே அழுதாள். நானும் சோர்ந்துவிட்டேன். அப்போது அத்தைதான் எழுந்து வந்து, அவள் முதுகுக்குத் தலையணையைச் சொருகி, "நீ குனியாதத்தா, புள்ளைய உன்கிட்ட கொண்டு வா" என்றார். நர்சம்மா சொன்ன அதே வார்த்தை, ஆறு வருஷத்துக்கு மேல் மனசில் வைத்திருந்திருக்கிறார்!

விடிகாலையில் சரியாகக் கவ்விவிட்டான். நாலாம் நாள் பால் கட்டி, சேலை முன்பக்கமெல்லாம் நனைந்து போனது. முந்தாநாள் எடை போட்டோம், பிறந்த எடையைத் தாண்டிவிட்டான். டின்னைப் பிரிக்கவில்லை என்பதால் மருந்துக்கடைக்காரரும் திருப்பி எடுத்துக்கொண்டார். சித்திதான் போய்க் கொடுத்துவிட்டு வந்தார். அந்தக் காசுக்குப் பூண்டும் பால் சுறாவும் வாங்கி வந்திருந்தார்.

- ஒரு வாசகி, அருப்புக்கோட்டை.