மேல்காத்து இறங்கும் இடம்

ஆடி மாதத்தில் நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்குப் பேருந்தில் வருகிறவர்களுக்குக் காற்றை அளக்கக் கருவி எதுவும் வேண்டாம். சன்னலோரம் இடம் கிடைத்தால் போதும். ஆரல்வாய்மொழி தாண்டி முப்பந்தலுக்குள் நுழைந்ததும், யாரோ பக்கவாட்டில் தோளைக் கொடுத்துத் தள்ளுவதுபோல் வண்டி ஒரு அசைவு அசையும். ஆளுக்கு ஆள் ஷட்டரை இறக்குவார்கள். காவல்கிணறு, பணகுடி, வள்ளியூர் என்று வடக்கே வர வர அந்த வேகம் மெல்லத் தணியும். நாங்குநேரியில் இறங்குகிற பெண்கள் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொள்கிற அளவுக்குத்தான் காற்று மிச்சமிருக்கும்.

இந்தச் சாலையின் இருபுறமும் நிற்கிறவற்றை எங்கள் பக்கத்தில் யாரும் காற்றாலை என்று சொல்வதில்லை. காத்தாடிதான். ‘காத்து அடிக்கிற இடமெல்லாம் காத்தாடி வைக்கலாம்’ என்றும் சர்வ சாதாரணமாகச் சொல்வார்கள். பெரிய காற்றாலைப் பண்ணை ஒன்றை நாங்குநேரி வட்டாரத்தில் அமைக்க இடம் பார்க்கப் போகிறவர் முதலில் கைவிட வேண்டிய எண்ணம் இது.

மேற்கிலிருந்து அடிக்கிற மேல்காத்து இங்கே எப்படி வந்து சேர்கிறது என்பதைப் பார்த்துவிடுவோம். தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலிலிருந்து வந்து மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதுகிறது. மழையைக் கேரளத்தில் இறக்கிவிட்டு மேலேறுகிறது. மலை தாழ்ந்திருக்கிற கணவாய்களில் மட்டும் அதற்கு நேர்வழி உண்டு. பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி மூன்றும் அப்படிப்பட்ட வாசல்கள். ஆரல்வாய்மொழிக்கு வடக்கே 1600 மீட்டரைத் தாண்டி மகேந்திரகிரி நிற்கிறது. பரந்து வந்த காற்று அதன் காலடியில் நெருக்கப்பட்டு வேகம் கூடுகிறது. இதோடு இன்னொன்றும் சேர்கிறது. மழை மறைவுப் பகுதியான நம் சமவெளி பகலில் கொதிக்க, சூடான காற்று மேலே எழும்புகிறது. அந்த வெற்றிடத்தை நிரப்ப மேற்கிலிருந்து குளிர்ந்த காற்று கணவாய் வழியே இழுபடுகிறது. மே முதல் செப்டம்பர் வரை இந்த இரண்டு வேலைகளும் ஒன்றுகூடி நடப்பதால், ஆண்டு முழுக்கக் கிடைக்கிற காற்று மின்சாரத்தின் பெரும்பகுதி அந்த ஐந்து மாதங்களிலேயே வந்துவிடுகிறது.

இந்தக் காற்று தன் வழித்தடத்தை மண்ணிலேயே எழுதி வைத்திருக்கிறது. திசையன்விளை, சாத்தான்குளம் பக்கம் போனால் சிவப்பு மணல் மேடுகளைக் காணலாம், அதுதான் தேரிக்காடு. 1883-இல் வெளியான மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களின் நிலவியல் அறிக்கையில் ராபர்ட் புரூஸ் ஃபூட் இந்தத் தேரிகளைப் பற்றி எழுதினார். கணவாய் வழியே வருகிற காற்று மலையடிவாரத்துச் செம்மண்ணை வாரிக்கொண்டு கிழக்கே போய், கடலுக்கு முன்பே கொட்டிவிடுகிறது என்பது தேரி பிறந்த கதைக்கு நிலவியலார் சொல்லும் விளக்கங்களில் ஒன்று. காற்றுமானி கண்டுபிடிக்கப்படுவதற்கு வெகுகாலம் முன்பே போடப்பட்ட வரைபடம் அது. மரங்களும் அப்படித்தான். வெட்டவெளியில் நிற்கிற உடைமரத்தின் தலை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று பார்த்தே காற்றின் திசையையும் தோராயமான வலிமையையும் சொல்கிற முறை பொறியாளர்களிடம் உண்டு.

ஆனால் தோராயத்தை நம்பிக் கோடிகளைக் கொட்ட முடியாது. காற்றிலிருந்து கிடைக்கும் ஆற்றல் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் 125 பங்கு ஆற்றல் என்றால், 7 மீட்டரில் 343 பங்கு. வேகம் கூடியது இரண்டே மீட்டர். ஆற்றல் கிட்டத்தட்ட இரண்டே முக்கால் மடங்கு. இதையே திருப்பிப் பாருங்கள். வேகத்தை அளப்பதில் நூற்றுக்கு 5 பிசகினால், ஆற்றல் கணக்கில் நூற்றுக்கு 15 பிசகும். வங்கிக் கடனில் நிற்கிற ஒரு திட்டத்தைக் கவிழ்க்க அது போதும்.

அதனால்தான் இந்தத் துறையில் அன்னா மணியின் பெயரை மறக்கக் கூடாது என்று நினைக்கிறேன். மலைக்கு அந்தப் பக்கம் பீருமேட்டில் 1918-இல் பிறந்தவர். இந்திய வானிலைத் துறையில் கருவிகளைச் செப்பமாக்கியே பெயர் பெற்றவர். ஓய்வு பெற்ற பிறகு நாட்டின் காற்றாற்றலைத் தொகுக்கும் வேலையை எடுத்துக்கொண்டார். மூலே என்ற அறிவியலாளரோடு சேர்ந்து அவர் வெளியிட்ட இந்தியக் காற்றாற்றல் தரவு நூல் 1983-இல் வந்தது. அதன்பின் பல மாநிலங்களில் கம்பங்கள் நட்டு அளக்கும் பணியையும் நடத்தினார். தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் 1986-இல் தமிழ்நாட்டின் முதல் மாதிரிக் காற்றாலைகள் சுழன்றபோதும், டென்மார்க்கின் உதவியோடு கயத்தாறிலும் முப்பந்தலிலும் காத்தாடிகள் எழுந்தபோதும், எங்கே நடுவது என்ற கேள்விக்குப் பின்னால் இப்படிப்பட்ட பொறுமையான அளவைகள் இருந்தன.

இன்று வேலை இன்னும் நுணுக்கமானது. 100 மீட்டருக்கும் மேல் உயரமான கம்பம் நட்டு, பல உயரங்களில் கிண்ணக் காற்றுமானிகளையும் திசைகாட்டிகளையும் பொருத்தி, குறைந்தது ஓராண்டாவது விடாமல் பதிவு செய்கிறார்கள். பல உயரங்கள் எதற்கு? தரைக்கு அருகே செடியும் வீடும் காற்றைப் பிடித்து நிறுத்தும். மேலே போகப் போக அது விடுபடும். திறந்த வெளியில் 30 மீட்டரிலிருந்து 120 மீட்டருக்குப் போனால் வேகம் சுமார் ஐந்தில் ஒரு பங்கு கூடும் என்பது வழக்கமான கணக்கு. ஆற்றல் ஏறத்தாழ 1.8 மடங்காகிவிடும். முப்பது ஆண்டுகளுக்கு முன் ‘இங்கே காற்று போதாது’ என்று ஒதுக்கிய ஊர்களை இன்று திரும்பிப் பார்ப்பதற்குக் காரணம் இந்த உயரம்தான். நாங்குநேரியும் அந்தப் பட்டியலில் வைத்துப் பார்க்க வேண்டிய ஊர்.

வட்டாரத்தை மேற்கிலிருந்து கிழக்காக நடந்து பார்ப்போம். களக்காடு, திருக்குறுங்குடிப் பக்கம் மலையடி. அண்ணாந்து பார்த்தால் உச்சியில் மேகம் பறக்கும். காற்று பலமாக இருப்பதாகவே தோன்றும். ஆனால் மலையைத் தாண்டி விழுகிற காற்று, பாறையில் மோதி விழுகிற தண்ணீர் மாதிரி சுழித்துக்கொண்டு வரும். ஒரு நிமிடம் அறைந்துவிட்டு மறு நிமிடம் அடங்கிப்போகிற காற்றில் இறக்கையின் வேரிலும் பல்சக்கரப் பெட்டியிலும் தேய்மானம் கூடும். சராசரி வேகம் நன்றாக இருந்தாலும் இயந்திரத்தின் ஆயுள் குறையும். அங்கே களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகமும் இருக்கிறது. மேற்குப் பக்கம் கதவடைத்தாயிற்று.

நடுவே குளங்கள். நான்கு ஏரி என்பதிலிருந்துதான் நாங்குநேரி என்ற பெயரே வந்ததாக ஊரில் சொல்வார்கள். மூலைக்கரைப்பட்டிக்குப் பக்கத்தில் கூந்தன்குளம் இருக்கிறது. 1994-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. மணிமுத்தாற்றுக் கால்வாய்த் தண்ணீர் குளத்தில் நிரம்பியதும் மஞ்சள் மூக்கு நாரைகளும் கூழைக்கடாக்களும் வந்து, வீட்டு முற்றத்து மரங்களிலேயே கூடு கட்டும். குஞ்சுகள் பயப்படும் என்று தீபாவளிக்கு வெடி போடாத ஊர் அது. இந்தப் பறவைகள் ஒரே குளத்தில் இருந்துவிடுவதில்லை; இரை தேடி விடியலிலும் அந்தியிலும் குளம் விட்டுக் குளம் பறக்கும். கடைசிக் குஞ்சுகள் சிறகு முற்றிப் பறக்கப் பழகும் காலமும் காத்தாடி முழுவீச்சில் சுழலத் தொடங்கும் காலமும் ஜூன் வாக்கில் ஒன்றையொன்று தொடுகின்றன. கலிபோர்னியாவின் ஆல்டமாண்ட் கணவாயில் 1980-களில் ஆயிரக்கணக்கில் சிறு காற்றாலைகளை நட்டபோது பருந்துகளின் பாதையை யாரும் யோசிக்கவில்லை. பொன்னிறக் கழுகுகள் அடிபட்டு விழத் தொடங்கிய பிறகு வழக்கும் திருத்தமும் வந்தன. நமக்கு அந்தத் தாமதம் தேவையில்லை. தாமிரபரணிப் பாசனக் குளங்களில் 2011 முதல் ஆண்டுதோறும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. அந்த ஏடுகளைக் காற்றுப் பதிவுகளுக்குப் பக்கத்திலேயே விரித்து வைத்துக்கொண்டு இடம் தேட வேண்டும். குளங்களுக்கு நடுவேயுள்ள வானத்தை விட்டுவிடுவது என் மனதில் பேரத்துக்கு இடமில்லாத ஒன்று.

கிழக்கே விஜயநாராயணம். செம்மண், உடங்காடு, மானாவாரி நிலம், தடையில்லாத வெளி. காற்றுக்குப் பிடித்த இடம்தான். ஆனால் நீர்மூழ்கிக் கப்பல்களுக்குச் செய்தி அனுப்பும் கடற்படையின் கட்டபொம்மன் தளம் அங்கே இருக்கிறது. 471 மீட்டர் உயரக் கம்பங்கள் அதன் அடையாளம். சுற்றுவட்டாரத்தில் உயரமான எதை எழுப்பவும் பாதுகாப்புத் துறையைக் கேட்டாக வேண்டும். ஆக, தெற்கே ராதாபுரத்தை நோக்கிச் சரிகிற நிலம்தான் மிஞ்சுகிறது. அங்கே போய்ப் பார்த்தால், பழவூர், லெவிஞ்சிபுரம் பக்கமெல்லாம் ஏற்கெனவே காத்தாடிகள்!

இங்கேதான் விஷயம் சுவையாகிறது. 1990-களில் காற்றாலை வாங்கினால் முதல் ஆண்டிலேயே அதன் முழு விலையையும் தேய்மானமாக வரிக் கணக்கில் காட்டலாம் என்று சலுகை இருந்தது. மார்ச் 31-க்குள் நட்டுவிட வேண்டும் என்று நூற்பாலைகள் உட்படப் பலரும் முந்தினார்கள். அதனால் கணவாயின் வாயிலேயே இருக்கிற மிகச் சிறந்த இடங்களில், 200, 250 கிலோவாட் திறனுள்ள, தாழ்ந்த சிறு இயந்திரங்கள் நெருக்கமாக நின்றுவிட்டன. ஒரு காத்தாடி காற்றிலிருந்து ஆற்றலை எடுத்ததும், அதன் பின்னால் மெலிந்து கலங்கிய காற்று வெகுதூரம் நீளும். இறக்கைச் சுற்றின் விட்டத்தைப்போல் பக்கவாட்டில் 5 மடங்கும், காற்றடிக்கும் திசையில் 7 மடங்கும் இடைவெளி விடுவது பழைய விதி. இன்றைய இயந்திரத்துக்கு 150 மீட்டர் விட்டம் என்றால் அடுத்தது ஒரு கிலோமீட்டர் தள்ளித்தான். பழைய காத்தாடிகள் ஒரு டசனை இறக்கிவிட்டு, 3 மெகாவாட் இயந்திரம் ஒன்றை நட்டால் திறன் ஏறத்தாழ அதே. உயரத்தின் காரணமாக விளையும் மின்சாரமோ வெகு அதிகம். புது இடம் தேடுகிறவருக்கு நாங்குநேரிச் சமவெளி சொல்கிற நேர்மையான பதில், பழைய இடத்துக்குப் போ என்பதே. சிக்கல் என்னவென்றால், அந்த ஒரு டசனுக்கும் உடைமையாளர்கள் ஆளுக்கொருவர். அவர்களை ஒரு மேசையில் உட்கார வைப்பது காற்றை அளப்பதைவிடக் கடினம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். குடியிருப்பிலிருந்து 500 மீட்டர் தள்ளி நட வேண்டும் என்பது 2016-இன் மத்திய அரசு வழிகாட்டுதல். இறக்கையை ஏற்றி வருகிற நீண்ட லாரி, நான்குவழிச் சாலையை விட்டு இறங்கி ஊர்த் திருப்பத்தில் திரும்ப முடிய வேண்டும். கயத்தாறு போன்ற பெரிய துணை மின் நிலையங்கள் வரை மின்தொடரமைப்பில் இடம் இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் ஆடிக் காற்று உச்சத்தில் அடிக்கும்போது இயந்திரத்தை நிறுத்தி வைக்கிற கொடுமை நேரும்.

வரைபடத்தில் இன்னொரு கோடும் சமீபத்தில் விழுந்திருக்கிறது. தாமிரபரணியின் வெள்ளநீரை வெள்ளாங்குழியிலிருந்து நாங்குநேரி, ராதாபுரம் வழியாகத் தேரிக்குக் கொண்டுபோகும் கால்வாய், சுமார் 75 கிலோமீட்டர். 2025 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. இத்தனை நாள் வானம் பார்த்த பூமி என்று காத்தாடிக்குக் குத்தகை பேசிய புஞ்சை, இனி வாழை போடுகிற நிலமாகலாம். தேரியில் செம்மண்ணைக் கொண்டு சேர்த்தது காற்று. இப்போது அதே திசையில் தண்ணீரும் போகிறது. புஞ்சைக்காரர் இனி இரண்டையும் கணக்குப் போட்டுத்தான் நிலத்துக்கு விலை சொல்வார்.