குடிக்கூலிக்கு வீடு: பேராதனையா, கண்டியா?

மஸ்கெலியாத் தோட்டங்களிலே லயத்து அறை உழைப்போடு பிணைந்தது. அது குடியிருப்போர்க்கு உரிமையுடைய மனையன்று. பழைய மஸ்கெலியா நகரம் மவுசாகலை நீர்த்தேக்கத்துள் அமிழ்ந்ததை அறிந்த ஊரார்க்குச் சொந்தக் காணியின் அருமையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. 1958ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த ஊழியர் சேமலாப நிதி, ஆயுட்கால உழைப்பின் பயனை ஒருங்கே கையில் தருகின்றது. அதனோடு பிள்ளைகளின் சம்பாத்தியத்தையும் சேர்த்து, குடிக்கூலி தரும் வீடொன்றை வாங்க விழைவார் முன் ஒரு வினா எழும். மாணவர் நிறைந்த கல்லூரி ஊர் நன்றா? அதன் அருகிலுள்ள நகர் நன்றா? மலைநாட்டில் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு, ஏறத்தாழ 6 கிலோமீற்றர் இடைவெளியில் அமைந்த பேராதனையும் கண்டியுமாம்.

1942இல் கொழும்பிலே தோன்றிய இலங்கைப் பல்கலைக் கழகம் 1952இல் பேராதனைக்குப் பெயர்ந்தது. முதல் துணைவேந்தர் சேர் ஐவர் ஜெனிங்ஸ் அதனை மாணவர் உடனுறையும் கழகமாகவே வகுத்தார். ஆகலின் வீட்டுக்காரர்க்கு முதற் போட்டி அரசின் விடுதிகளேயாம். பின்னர் மாணவர் தொகை பெருக, வெளியே அறை தேடுவோரும் பெருகினர். ஒரு வீட்டைப் பல அறைகளாக வகுத்துக் கொடுப்பின் வரவு மிகும் என்பது உண்மையே. ஆயின் அவ்வரவு கழகத்தின் கதவோடு திறந்து, கதவோடு மூடுவது. 1980களின் இறுதிக் கலவரங்களிலும், 2020இல் கொள்ளைநோய்க் காலத்திலும் பல்கலைக் கழகங்கள் மாதக்கணக்கில் மூடப்பட்டமை இதற்குச் சான்று.

கண்டியின் நிலை வேறு. வைத்தியசாலை, நீதிமன்றங்கள், வங்கிகள், பாடசாலைகள், வணிகம் எனப் பல துறையாரும் அங்கே குடியிருப்பு நாடுவர். ஒன்று தளரினும் மற்றொன்று தாங்கும். காணி விலை மிகுதலின், அதே முதலுக்குச் சிறிய வீடே கிடைக்கும்.

இதனைக் கணக்கிட்டு நோக்குவாம். ஒரே முதலுக்குப் பேராதனையில் மாதம் 30,000 ரூபா தரும் வீடும், கண்டியில் 25,000 ரூபா தரும் வீடும் கிடைப்பதாகக் கொள்க. கண்டி வீடு 12 மாதமும் நிரம்பின் ஆண்டு வரவு 300,000 ரூபா. பேராதனை வீடு 10 மாதம் நிரம்பினாற்றான் அதற்குச் சமனாகும். 9 மாதமாயின் வரவு 270,000 ரூபாவே. ஆண்டுதோறும் மாணவர் மாறுதலால் நேரும் பழுதுபார்ப்புச் செலவும் இதிற் கழியும்.

வேறு வருவாய் உடையார் பேராதனையின் ஏற்றத்தாழ்வைத் தாங்குவர். ஒரே சேமிப்பை ஒரே வீட்டில் இடுவார்க்குக் கண்டியே தக்கது. பேராதனையையே விரும்புவோர், அறைகளாகத் துண்டாடாத வீட்டைத் தேர்தல் நன்று. போதனா வைத்தியசாலை, விவசாயத் திணைக்களம் ஆகியவற்றின் ஊழியர் குடும்பங்களும் அதில் குடியேறக் கூடும். எவ்வூராயினும், உறுதியைச் சோதித்தலும், மண்சரிவு அபாயம் இன்மையைத் தெளிதலும் விலை பேசுமுன் செய்யத்தக்கன.