கடன் அறிக்கையும் பிழை திருத்தமும்

கடன் கொடுப்போர் கொள்வோரை நேரில் அறிந்திருந்த காலம் ஒன்றுண்டு. தேற்றாத்தீவு போன்ற வாவிக்கரை ஊர்களில் ஒருவரது நாணயத்துக்கு ஊரார் வாய்ச்சொல்லே சான்றாயிருந்தது. இன்றோ, களுவாஞ்சிகுடியில் வேளாண்மைக்கோ தோணிக்கோ வங்கிக் கடன் கேட்பவரது நாணயம் கொழும்பிலிருந்து வரும் அறிக்கையொன்றினால் அளக்கப்படுகின்றது. ஊரார் சொல் பிழைத்தால் நேரில் மறுக்கலாம். அறிக்கை பிழைத்தால் யாது செய்வது?

இலங்கைக் கொடுகடன் தகவல் பணியகம் 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தினால் நிறுவப்பட்டது. மக்கள் அதனைக் ‘கிரிப்’ என வழங்குவர். வங்கிகளும் நிதிக் கம்பனிகளும் தாம் வழங்கிய கடன்களின் விபரங்களைக் காலந்தோறும் அனுப்ப, பணியகம் அவற்றைத் தொகுத்து அறிக்கையாக்கித் தருகின்றது. ‘கிரிப்பில் பெயர் விழுந்துவிட்டது’ என அஞ்சுவோர் பலர். ஒழுங்காகக் கடன் செலுத்தியோர் பெயரும் அங்கு உண்டென்பதை அவர்கள் அறியார். கடனை வழங்குவதோ மறுப்பதோ வங்கியின் முடிபேயன்றிப் பணியகத்தின் முடிபன்று.

அறிக்கையிற் பிழை நேரும் வழிகள் சில. தேசிய அடையாள அட்டை இலக்கத்தில் ஓர் எண் மாறினால் ஒருவர் கடன் இன்னொருவர் கணக்கில் ஏறலாம். ஒன்பது எண்களும் ஓர் எழுத்துங் கொண்ட பழைய இலக்கமும் பன்னிரண்டு எண்கள் கொண்ட புதிய இலக்கமும் ஒருவருக்கே உரியனவாயின், பதிவுகள் பிரிந்து கிடக்கவுங் கூடும். தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் பலவாறு எழுதுதலும் மயக்கந் தரும். தீர்த்த கடன் தீராததாக நிற்றலும் உண்டு.

எனினும், கசப்பான உண்மை வேறு, பிழை வேறு. நண்பருக்குப் பிணை நின்றவரது அறிக்கையில் அந்நண்பரின் கடனும் தோன்றும். அது பிழையன்று, பிணைக் கையொப்பத்தின் பயனேயாம். நேற்றுச் செலுத்திய தவணை இன்றைய அறிக்கையில் இல்லாமையும் பெரும்பாலும் காலத்தாழ்வே. தவறிய தவணையைப் பணம் பெற்று அழித்துத் தருவோம் என்பார் சொல்லை நம்புதல் தகாது.

மெய்யான பிழையைத் திருத்தும் முறை எளியது. முதலில் தம் அறிக்கையைப் பெற்று, பெயர், அடையாள இலக்கம், கடன் தொகை, நிலுவை என்பவற்றை ஒவ்வொன்றாக ஒப்பு நோக்குதல் வேண்டும். பின்னர், பிழையான பதிவை அனுப்பிய நிறுவனத்துக்கும் பணியகத்துக்கும் எழுத்தில் அறிவித்தல் வேண்டும். பணியகம் பிறர் தந்த பதிவைத் தானாக மாற்றுவதில்லை. தந்த நிறுவனமே திருத்தித் தருதல் வேண்டும். ஆதலின் பற்றுச்சீட்டு, கடன் தீர்ந்தமைக்கான கடிதம், அடையாள அட்டைப் பிரதி என்பன இன்றியமையாதன. திருத்திய பின் புதிய அறிக்கையைப் பெற்றுப் பார்த்தலும் கடமையாகும்.

பிழை திருத்தக் கோருதல் சலுகையன்று, உரிமை என்னுங் கொள்கையை அமெரிக்கா 1970ஆம் ஆண்டிலும் இந்தியா 2005ஆம் ஆண்டிலும் சட்டமாக்கின. ஆயினும் உரிமை தானே வந்து உதவாது. பெரும்போக விதைப்பு ஒருவரது பதிவு திருந்தும்வரை காத்திராது. கடன் மறுக்கப்பட்ட பின் அறிக்கையைத் தேடுவோர் ஒரு போகத்தை இழப்பர். விண்ணப்பிக்குமுன் தேடிப் பார்ப்போர் அவ்விழப்பினின்றுந் தப்புவர்.